கார்பன் எஃகுக் கத்திக்குத் தோய்ச்சல் போடுவது எப்படி?

தகட்டை வெட்டி, அரத்தால் ராவி, கைப்பிடிக்குத் துளையும் போட்டாயிற்றா? இப்போதைக்கு அது மென்மையான எஃகு. எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. சூடேற்றி எண்ணெயில் தோய்த்து, மறுபடி இளஞ்சூட்டில் வைத்து எடுத்த பிறகுதான் கூர் நிலைக்கும்.

முதல் கத்திக்கு 1084 அல்லது 1080 என்ற எண்ணுள்ள எஃகு வகையையே வாங்குங்கள். இவற்றில் கார்பன் சுமார் 0.8 சதவீதம் இருக்கும். சிறிய உலையிலேயே நன்றாக இறுகும். எந்த வகை என்று தெரியாத பழைய இரும்பில் தொடங்க வேண்டாம் என்பேன். சாதாரணக் கட்டுமான இரும்பில் கார்பன் குறைவு. அதை எத்தனை முறை தோய்த்தாலும் கத்திக்கு வேண்டிய கடினம் வராது.

தொடங்கும் முன்

கத்தியின் வாயை இப்போதே கூராக்காதீர்கள். 1 மில்லிமீட்டர் தடிமன் இருக்கட்டும். மெல்லிய வாய் தோய்க்கும்போது வளையும், விரிசல் விடும். குறுக்கே ஆழமான கீறல் இருந்தால் தேய்த்து எடுத்துவிடுங்கள், விரிசல் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும்.

எண்ணெய்க்கு மூடியுள்ள உலோகப் பாத்திரம் வேண்டும். பிளாஸ்டிக் கூடவே கூடாது. துத்தநாகப் பூச்சுள்ள எதையும் உலைக்குள் வைக்காதீர்கள், அந்தப் புகை நஞ்சு. எண்ணெயில் தீப்பிடித்தால் மூடியால் மூடுங்கள். தண்ணீர் ஊற்றினால் தீ சிதறிப் பரவும்.

சூடேற்றுதல்

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் இருட்டான இடத்தில் செய்யுங்கள், வெயிலில் எஃகின் நிறம் ஏமாற்றும். தீயை ஒரே இடத்தில் காட்டாமல் கத்தியை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். முனை மெல்லியது என்பதால் முதலில் அதுதான் சூடேறும். அடிக்கடி தீக்கு வெளியே இழுத்துக்கொள்ளுங்கள்.

சிவக்கத் தொடங்கியதும் காந்தத்தால் தொட்டுப் பாருங்கள். 770 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதற்குள் காந்தம் ஒட்டாமல் போகும். ஆனால் நமக்கு வேண்டியது அதைவிடச் சற்று மேலே, 815 டிகிரி வாக்கில். காந்தம் விட்ட உடனே தோய்த்துவிடுவதுதான் புதியவர்கள் பலர் செய்வது. அப்போது கத்தி பாதிதான் இறுகும். சாப்பாட்டு உப்பு 801 டிகிரியில் உருகும். கத்தியின் மேல் ஒரு சிட்டிகை தூவினால் அது உருகுவதே நல்ல அடையாளம்.

இன்னொன்றும் கவனியுங்கள். எஃகின் உள்ளமைப்பு மாறும்போது சிவப்புக்குள் ஒரு கருநிழல் கத்தியின் மேல் ஊர்ந்து போகும். அந்த நிழல் முழுவதும் மறைந்து நிறம் சீரானால் மாற்றம் முடிந்தது என்று பொருள். இதைக் கண் பழகிவிட்டால் காந்தத்தைத் தேடவே மாட்டீர்கள். ஆரஞ்சு, மஞ்சள் என்று ஏற விடாதீர்கள்; எஃகின் மணிகள் (உள்ளே இருக்கும் நுண்ணிய படிகங்கள்) பெருத்துக் கத்தி நொறுங்கும்.

தோய்ப்பதற்கு முன், இப்படிச் சூடேற்றி அசையாத காற்றில் கறுக்கும்வரை ஆற விடுவதை மூன்று முறை செய்யுங்கள். பெருத்த மணிகள் மறுபடி நுணுகும், வளைவும் குறையும்.

எண்ணெயில் தோய்த்தல்

தாவர எண்ணெயை 50 டிகிரிக்குச் சூடாக்கி வையுங்கள். சூடான எண்ணெய் இளகி ஓடுவதால், குளிர்ந்ததைவிட நன்றாகவே வெப்பத்தை இழுக்கும். உலையிலிருந்து எடுத்ததும் தயங்காமல் முனையை முதலில் விட்டு, நேராக இறக்குங்கள். 1084-க்குக் கிடைக்கும் நேரம் ஓரிரு நொடிதான். உள்ளே வெட்டுவதுபோல வாய்ப்பக்கமும் முதுகுப்பக்கமுமாக அசைக்கலாம். பக்கவாட்டில் அசைத்தால் வளைந்துவிடும். சுமார் 10 நொடியில் எடுத்துப் பாருங்கள். லேசான வளைவு இருந்தால், சூடு ஆறுவதற்குள் தடித்த கையுறையோடு நிமிர்த்திவிடலாம்.

ஆறிய பின் வாயில் அரத்தை ஓட்டுங்கள். பிடிக்காமல் வழுக்கினால் இறுகிவிட்டது. முதல் தேய்ப்பில் கொஞ்சம் பிடித்தால் பதற வேண்டாம். கார்பன் எரிந்துபோன மேல்தோல் அது, அடியில் வழுக்குகிறதா என்று பாருங்கள்.

டெம்பரிங் (இளஞ்சூட்டில் பதப்படுத்துதல்)

இப்போது கத்தி கண்ணாடி மாதிரி, கீழே விழுந்தால் உடையும். நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் உடனே துடைத்து, 200 டிகிரி ஓவனில் 2 மணி நேரம் வையுங்கள். ஆற விட்டு, அப்புறம் இன்னொரு 2 மணி நேரம். ஓவன் குமிழ் காட்டும் எண்ணை நம்பாமல் தனி வெப்பமானி வையுங்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் வைக்கோல் நிறம் தெரிந்தால் சரி.

இனி வாயைத் தீட்டும்போது வெறுங்கையால் பிடித்து, சுடத் தொடங்கும்போதெல்லாம் தண்ணீரில் முக்குங்கள். வாய் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் கடினம் போய்விட்டது என்று அர்த்தம்.