மேல்முறையீட்டு நீதிபதி ஒருவரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி?

அமெரிக்க ஃபெடரல் நீதிபதி ஒருவரின் வாழ்க்கையை எழுத முனைபவர், பிறப்பு, படிப்பு, பதவி பற்றிய ஆண்டுகளை முதலில் ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். லேர்னெட் ஹேண்டைப் பொறுத்தவரை அது சிறிய தாள்தான். 1872இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் பிறந்து ஹார்வர்டில் சட்டம் படித்த அவரை, 1909இல் ஜனாதிபதி டாஃப்ட் மாவட்ட நீதிமன்ற நீதிபதியாகவும், 1924இல் ஜனாதிபதி கூலிட்ஜ் நியூயார்க் உள்ளிட்ட சில மாநிலங்களின் ஃபெடரல் மேல்முறையீடுகளை விசாரிக்கும் இரண்டாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியாகவும் நியமித்தார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதி ஆகாமலே 1961இல் காலமானார். அப்படியிருந்தும் அவர் ஏன் இன்றுவரை படிக்கப்படுகிறார் என்ற கேள்விக்கு இந்தத் தாளில் விடை கிடைக்காது. தீர்ப்புகளில்தான் தேட வேண்டும்.

புகழ்பெற்ற தீர்ப்பிலிருந்து தொடங்காமல், மேல் நீதிமன்றம் புரட்டிப்போட்ட தீர்ப்பிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. 1917இல், போர்க்காலத்தில், 'தி மாஸஸ்' என்ற இதழைத் தபாலில் அனுப்ப நியூயார்க் தபால் அதிகாரி மறுத்தார். சட்டத்தை மீறும்படி நேரடியாகத் தூண்டாத எழுத்தை, அது எவ்வளவு கடுமையாக அரசைக் கண்டித்தாலும், தடுக்க முடியாது என்று ஹேண்ட் இதழுக்குச் சாதகமாக, அந்த மறுப்புக்கு இடைக்காலத் தடை வழங்கினார். மேல்முறையீட்டில் அது நிலைக்கவில்லை. ஆயினும், எந்தப் பேச்சைத் தண்டிக்கலாம் என்பதற்கு 1969இல் பிராண்டன்பர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோலில் அவருடைய வாதத்தின் சாயலைச் சட்ட அறிஞர்கள் பலர் காண்கிறார்கள்.

இதோடு நிறுத்தினால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது, புகழுரை ஆகிவிடும். 1950இல் டென்னிஸ் வழக்கில், அரசைப் பலவந்தமாகக் கவிழ்க்கும்படி போதிக்கச் சதி செய்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட கம்யூனிஸ்ட் தலைவர்களுக்கு எதிரான தண்டனையை உறுதிசெய்த தீர்ப்பை எழுதியவரும் இதே ஹேண்ட்தான். அவர்மீது மதிப்புள்ளவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிட விரும்புவார்கள். மதிப்பு உண்மையானதாக இருந்தால் இரண்டு தீர்ப்புகளுக்கும் சம இடம் கொடுக்க வேண்டும்.

மேல்முறையீடு பெரும்பாலும் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வில் விசாரிக்கப்படுவதால், தீர்ப்பை எழுதியவர் யார், உடன்பட்டவர் யார், மறுத்தவர் யார் என்பதைப் பிரித்துக் குறிப்பிடுங்கள். ஹேண்டின் காலத்தில் அந்த நீதிமன்றத்தில், கலந்தாலோசனைக்கு முன்பே ஒவ்வொரு நீதிபதியும் தம் கருத்தைக் குறிப்பாக எழுதிச் சக நீதிபதிகளுக்குக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. இத்தகைய குறிப்புகளைத் தேடுபவர் பார்க்க வேண்டிய அவருடைய ஆவணங்கள் ஹார்வர்டு சட்டப் பள்ளி நூலகத்தில் உள்ளன.

சட்டக் கோட்பாட்டை விளக்கும்போது சூத்திரத்தை முன்னால் நிறுத்தாதீர்கள். கவனக்குறைவை அளவிடுவது பற்றிய கரோல் டோயிங் வழக்கை எழுதுவதென்றால், 1944 ஜனவரியில் நியூயார்க் துறைமுகத்தில் கட்டவிழ்ந்து, மாவு மூட்டைகளுடன் மூழ்கிய 'அன்னா சி' என்ற சரக்குப் படகையும், அதில் இருக்க வேண்டிய காவலாள் 21 மணி நேரம் இல்லாமல் போனதையும் முதலில் சொல்லுங்கள். விபத்து நேரும் வாய்ப்பை அதனால் விளையும் இழப்பால் பெருக்கி, வரும் தொகையைவிட முன்னெச்சரிக்கைக்கான சுமை குறைவாக இருந்தும் அதைச் செய்யாதவர் கவனக்குறைவானவரே என்று 1947இல் ஹேண்ட் வகுத்த கணக்கு, படகைப் பார்த்துவிட்ட வாசகருக்கு எளிதில் விளங்கும்.

1944 மே மாதம் சென்ட்ரல் பார்க்கில், தான் சொல்வதே சரி என்று அதிக உறுதி கொள்ளாத மனநிலையே சுதந்திரத்தின் உணர்வு என்று அவர் ஆற்றிய உரையை முன்னுரையிலோ முடிவுரையிலோ வைக்காதீர்கள். காலவரிசைப்படி, டென்னிஸ் தீர்ப்புக்கு ஆறு ஆண்டுகள் முன்னதாக, அதற்குரிய இடத்திலேயே வையுங்கள்.