செயினை அடகு வைக்கும் முன் இந்த மனுவைப் போடுங்கள்

கோர்ட்டுக்கு எதிரே இருக்கிற டைப்பிங் கடையில் நாலு வருஷமாக வேலை பார்க்கிறேன். மனு, பிரமாணப் பத்திரம், வக்காலத்து, நோட்டீஸ் எல்லாம் அடிப்பேன். சேர்ந்த மூன்றாவது வாரம் ஒரு வக்கீல் கையால் எழுதிய தாள்களைக் கொடுத்து அடிக்கச் சொன்னார். கணவர் போட்ட விவாகரத்து வழக்கில் ஒரு பெண் தாக்கல் செய்யும் இடைக்கால மனு அது. கடைசிப் பத்தியில், 'மாதந்தோறும் இடைக்கால ஜீவனாம்சமும், இவ்வழக்கை நடத்துவதற்கான செலவுத் தொகையும் எதிர்மனுதாரர் எனக்கு வழங்க உத்தரவிட வேண்டும்' என்று இருந்தது.

அடித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அப்போது எனக்கும் அதே மாதிரி வழக்கு நடந்துகொண்டிருந்தது. வக்கீல் ஃபீஸுக்காக மூன்று பவுன் செயினை அடகு வைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வழக்குச் செலவை எதிர்த்தரப்பிடமே கேட்கலாம் என்று அதுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை, ஏனென்றால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இன்றைக்கும் கடைக்கு வருகிற பெண்களில் பலருக்குத் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இந்தியச் சட்டப்படி, தமிழ்நாட்டுக் கோர்ட்டுகளில் நான் பார்த்த நடைமுறையை வைத்துச் சொல்கிறேன்.

கையில் பணமே இல்லையென்றால் முதலில் வக்கீல் ஆபீசுக்குப் போக வேண்டாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். தாலுகா கோர்ட்டுகளில் வட்ட சட்டப் பணிகள் குழு. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 12-ஆவது பிரிவு யாருக்கெல்லாம் இலவச சட்ட உதவி உண்டு என்று வரிசையாகச் சொல்கிறது. அதில் பெண்கள் என்று தனியாகவே இருக்கிறது. பெண்ணுக்கு வருமான வரம்பு கிடையாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் 'நான் வேலைக்குப் போகிறேனே, எனக்குத் தருவார்களா' என்று தயங்கி அந்த வாசலிலிருந்தே திரும்பிய பெண்களைப் பார்த்திருக்கிறேன். சம்பளம் வாங்கினாலும் பெண்ணுக்கு உண்டு. ஆண்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், மாநில அரசு வைத்திருக்கிற வருமான வரம்புக்குக் கீழே உள்ளவர்கள் இதில் வருவார்கள்.

ஆதார், ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகையோ பதிவுச் சான்றோ போட்டோவோ எது இருக்கிறதோ அது, கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருந்தால் அது. இவ்வளவையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். விண்ணப்பப் படிவம் அங்கேயே கிடைக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அங்குள்ள சட்டத் தன்னார்வலர்கள் எழுதிக் கொடுப்பார்கள். நேரில் போக வழியில்லை என்றால் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம். விண்ணப்பம் ஏற்கப்பட்டால் ஒரு வக்கீலை நியமிப்பார்கள். அவருடைய ஃபீஸை ஆணைக்குழுதான் கொடுக்கும். கோர்ட் கட்டணம், சம்மன் அனுப்பக் கட்டும் பேட்டா, மனு தயாரிக்கும் செலவு போன்றவையும் இந்த உதவிக்குள் அடங்கும். அந்த வக்கீல் உங்களிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்கக் கூடாது, வாங்கவும் கூடாது. கேட்டால் அதே அலுவலகத்தில் செயலாளர் பெயருக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள். வக்கீலை மாற்றித் தரச் சொல்லியும் கேட்கலாம்.

'இலவச வக்கீல் சரியாகப் பார்ப்பாரா' என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு வாய்தாவுக்கே வராத வக்கீலையும் பார்த்திருக்கிறேன், இலவச உதவியில் வந்து கேஸ் கட்டு முழுவதையும் இரவு உட்கார்ந்து படித்துவிட்டு வாதாடின வக்கீலம்மாவையும் பார்த்திருக்கிறேன். எந்த வக்கீலாக இருந்தாலும் உங்கள் வழக்கை நீங்களும் கவனிக்க வேண்டும். தாக்கலான ஒவ்வொரு தாளுக்கும் ஒரு ஜெராக்ஸ் உங்கள் வீட்டில் இருக்கட்டும். வழக்குக்கு 16 எழுத்தும் எண்ணுமாக ஒரு சி.என்.ஆர். எண் கொடுப்பார்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று தெரியும். யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

இனி அந்த மனுவுக்கு வருகிறேன்.

1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், 24-ஆவது பிரிவு. வழக்கு நடக்கும்போது, தன் பிழைப்புக்கும் வழக்கை நடத்தவும் போதுமான தனி வருமானம் இல்லாதவர், மற்றவரிடமிருந்து இரண்டு தொகை கேட்கலாம். ஒன்று, வழக்கு முடியும்வரை மாதாமாதம் ஜீவனாம்சம். இன்னொன்று, வழக்குச் செலவு. வழக்கை யார் போட்டது என்பது முக்கியமில்லை. மனைவியும் கேட்கலாம், கணவரும் கேட்கலாம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து இயன்றவரை 60 நாளுக்குள் இந்த மனுவை முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நடப்பில் வாய்தா நீளும், ஆனாலும் அந்த வரியை வக்கீல் நீதிபதிக்கு நினைவூட்டலாம்.

1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கு அந்தச் சட்டத்தில் 36-ஆவது பிரிவு, கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்தில் அதே 36-ஆவது பிரிவு. இவை இரண்டிலும் மனைவி மட்டுமே கேட்க முடியும். எந்த மதமானாலும் மனைவி தனியாக ஜீவனாம்ச வழக்குப் போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-ஆவது பிரிவு. அதிலும் இடைக்காலத் தொகையோடு அந்த வழக்கின் செலவைக் கேட்க இடமுண்டு. வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி தனியாகப் பண நிவாரணம் கேட்கலாம். அதற்கு 181-க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

மனு போடுகிறவர்கள் செய்கிற பெரிய தவறை நான் தினமும் என் கையாலேயே அடிக்கிறேன். ஜீவனாம்சத்துக்கு நாலு பக்கம் எழுதுவார்கள். செலவுக்கு ஒரே வரி: 'வழக்குச் செலவுக்காக ரூ.50,000 வழங்க வேண்டும்.' எதற்காக 50,000 என்று ஒரு கணக்கும் இருக்காது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து 'ஆதாரம் இல்லை' என்று சொன்னால் பதிலும் இருக்காது. உங்கள் வக்கீலிடம் செலவுக்குத் தனிப் பத்தி கேளுங்கள். வக்கீல் ஃபீஸ் எவ்வளவு, ரசீது இருக்கிறதா. ஊரிலிருந்து கோர்ட்டுக்குப் பஸ் கட்டணம் போக வர எவ்வளவு, இதுவரை எத்தனை வாய்தா. வாய்தாவுக்கு வந்தால் அன்றைக்குக் கூலி போகிறது என்றால் அதையும் எழுதுங்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு துணைக்கு அம்மாவும் வர வேண்டியிருக்கிறது என்றால் அவருடைய பஸ் கட்டணத்தையும் எழுதுங்கள். சான்றிட்ட நகல், நோட்டரி, டைப்பிங், ஜெராக்ஸ். சின்னத் தொகைதானே என்று விடாதீர்கள். இலவச வக்கீல் கிடைத்தவர்களுக்கும் இந்தச் செலவுகளில் பல இருக்கவே செய்யும்.

என் மனுவில் அடகு ரசீதையும் ஆவணமாகச் சேர்த்தோம். எங்கள் டைப்பிங் கடை அண்ணாச்சிதான் அந்த யோசனையைச் சொன்னார். "அம்மா, கழுத்துல இருந்தத வச்சுத்தான் கேஸ் நடத்துறேன்னு வாயால சொன்னா யாரு நம்புவா, ரசீதக் காட்டு" என்றார். தேதி, பவுன், தொகை எல்லாம் அதில் இருந்தது. வக்கீலுக்குப் பணம் கொடுத்த தேதியும் அதற்கு அடுத்த நாள்தான். நான் 30,000 கேட்டேன், வழக்குச் செலவுக்கு 15,000 என்று உத்தரவானது. மாத ஜீவனாம்சம் தனி. அப்போது கடையில் எனக்கு ஒன்பதாயிரம் சம்பளம். அதை மறைக்காமல் எழுதினேன். 'இவர் சம்பாதிக்கிறார்' என்று எதிர்த்தரப்பு வாதாடியது. சட்டம் கேட்பது வருமானம் இருக்கிறதா என்பதை அல்ல, போதுமானதாக இருக்கிறதா என்பதை. ஒன்பதாயிரத்தில் வாடகை, பையன் ஸ்கூல் ஃபீஸ் போக என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுக் காட்டினோம்.

2020 நவம்பர் 4-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும். அதனால் உங்கள் பக்கத்தை நேர்மையாக எழுதுங்கள். ஒரு சீட்டுப் பணத்தை மறைத்தது பின்னால் தெரிந்தால், நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளையும் சந்தேகமாகப் பார்ப்பார்கள். கணவர் தன் வருமானத்தைக் குறைத்துக் காட்டுவார் என்ற பயம் இருந்தால், சேர்ந்து இருந்தபோதே உங்கள் கையில் இருந்த சம்பளச் சீட்டு, பாலிசி, வண்டி ஆர்.சி., கடன் விண்ணப்பத்தின் நகல் இவற்றைத் தேடி எடுங்கள். அவர் வேலை செய்யும் இடத்திலிருந்து சம்பள விவரத்தை வரவழைக்கும்படி கோர்ட்டிடம் மனு போடலாம். அவருடைய போனையோ பாஸ்வேர்டையோ தொடாதீர்கள், அது உங்கள் மேலேயே வழக்காகத் திரும்பும். வேறு கோர்ட்டில் ஏற்கெனவே ஜீவனாம்ச உத்தரவு வாங்கியிருந்தால் அதையும் சொல்லியாக வேண்டும்.

அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. ஜீவனாம்சம் மனு தாக்கல் செய்த தேதியிலிருந்து கணக்காகும். நான் எட்டு மாதம் தெரியாமல் இருந்தேன், அந்த எட்டு மாதமும் எனக்குப் போனதுதான். எனவே சம்மனுக்குப் பதில் போடும் அன்றைக்கே இந்த மனுவையும் போடுங்கள்.

உத்தரவு வந்தும் பணம் வராவிட்டால், அதை வசூலித்துத் தரச் சொல்லி நிறைவேற்று மனு போட வேண்டும். அவர் சம்பளத்திலிருந்தே பிடித்துத் தரும்படி பற்றுகை கேட்கலாம். கட்டாதவருடைய எதிர்வாதத்தை நீக்கும்படியும் மனு செய்யலாம். 144-ஆவது பிரிவு உத்தரவாக இருந்தால், பாக்கி ஏற்பட்டு ஓர் ஆண்டுக்குள் மனு போட்டுவிட வேண்டும். பிறகு போட்டால் அந்தப் பாக்கிக்கு வாரண்ட் கேட்க முடியாது. மாதம் ஒரு தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு, பணம் வந்ததா இல்லையா என்று எழுதி வையுங்கள். எதிர்த்தரப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போனாலும் பயப்பட வேண்டாம். சென்னையிலும் மதுரைக் கிளையிலும் உயர் நீதிமன்ற சட்டப் பணிகள் குழு இருக்கிறது, அங்கேயும் இலவச வக்கீல் கேட்கலாம்.

சொந்தமாக வக்கீல் வைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். 'வருகிற ஜீவனாம்சத்தில் இத்தனை சதவீதம் கொடு' என்று வக்கீல் பேசக் கூடாது, பார் கவுன்சில் விதி அதைத் தடுக்கிறது. ஃபீஸ் பாக்கி என்று உங்கள் கேஸ் கட்டைப் பிடித்துவைக்கவும் அவருக்கு உரிமையில்லை. 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுத்தில் கட்டைக் கேளுங்கள், தராவிட்டால் மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்.

பேசித் தீர்க்க வாய்ப்பிருந்தால் கோர்ட்டோடு இணைந்த சமரச மையத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், அதற்குக் கட்டணமில்லை. பரஸ்பர சம்மதத்தில் பிரிகிறவர்கள், இதுவரை ஆன வழக்குச் செலவை யார் ஏற்பது என்பதையும் ஒப்பந்தத்தில் ஒரு பத்தியாக எழுதச் சொல்லுங்கள். நகை, சீர்ப் பாத்திரம் எல்லாம் பட்டியலாக வரும், இந்தப் பத்தியை மட்டும் பலரும் விட்டுவிடுகிறார்கள். கையெழுத்துப் போடும் முன் அது இருக்கிறதா என்று ஒரு தடவை தேடுங்கள். எங்கள் கடைக்கு அந்த ஒப்பந்தம் வந்தால், நானும் 'செலவுப் பத்தி எங்கே மேடம்' என்று கேட்டுவிட்டுத்தான் பிரிண்ட் எடுக்கிறேன்.