நாயும் பூனையும் இருக்கும் வீட்டில் கோழி வளர்ப்பது எப்படி?

மண்டபம், தேவிபட்டினம், தொண்டி என்று நம் கடலோரத்தில் எந்தத் தெருவுக்குள் போனாலும் வாசலில் ஒரு நாய் படுத்திருக்கும், மீன் கழுவும் இடத்தில் பூனைகள் காத்திருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் நாலு நாட்டுக்கோழியும் வளர்க்க ஆசையா? தாராளமாக வளர்க்கலாம். ஆனால் முதலில் கூடு, அப்புறம் பழக்கம், கடைசியில்தான் திறந்துவிடுவது. பலர் கோழியை வாங்கி வந்த பிறகே கூட்டைப் பற்றி யோசிக்கிறார்கள். அதற்குள் ஒன்று போய்விடும், பழி நாயின் மேல் விழும். பாவம், அது தன் இயல்பைத்தான் செய்தது.

1. கூடு

நம்ம ஊர் மணல் மண். நாய் முன்காலால் பறிக்க ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அடியில் தலை நுழையும் அளவுக்குப் பள்ளம் விழுந்துவிடும். வேலியின் உயரத்தை மட்டும் பார்த்தால் போதாது, அடியையும் பார்க்க வேண்டும். வேலியின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக இரண்டடி அகலத்துக்குக் கம்பிவலையைத் தரையில் விரித்து, வேலியோடு சேர்த்துக் கட்டி, மேலே கல்லும் மணலும் போடுங்கள். நாய் பெரும்பாலும் வேலியை ஒட்டித்தான் தோண்டும். நகத்தில் கம்பி தட்டினால் மேற்கொண்டு தோண்ட முடியாது.

கோழிவலை என்று கடையில் தரும் மெல்லிய அறுகோண வலை கோழியை உள்ளே வைக்கும், நாயை வெளியே நிறுத்தாது. அரை இஞ்ச் கண் உள்ள வெல்டு மெஷ் வாங்குங்கள். பூனை அதற்குள் கை விட்டுக் குஞ்சை இழுக்க முடியாது, கீரிப்பிள்ளையும் நுழையாது. உப்புக்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் பூச்சு போட்டது கிடைத்தால் நல்லது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை வலையை விரலால் அழுத்திப் பாருங்கள், உதிர்ந்தால் மாற்றிவிடுங்கள்.

பகலில் மேயும் இடத்துக்கு மேலே பழைய மீன்வலையைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டினால் பருந்தும் காகமும் இறங்காது. இரவுக் கூட்டுக்கு அது போதாது. பலகை அல்லது தகரக் கூரை வேண்டும், வெயிலுக்கு அதன்மேல் கிடுகு போடலாம். ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி இடம், கூட்டின் அடித்தளம் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில். கதவுக்கு இரண்டு கொண்டி. ஒற்றைக் கொக்கியைச் சில நாய்கள் மூக்காலேயே தூக்கிவிடும்.

2. கோழி

முதல்முறை குஞ்சு வாங்காதீர்கள். மூன்று, நாலு மாதம் தாண்டிய கோழியாக வாங்குங்கள். வளர்ந்த கோழியிடம் பெரும்பாலான பூனைகள் வம்புக்குப் போகாது, குஞ்சு என்றால் கதை வேறு. பிறகு அடை வைத்து, 21 நாளில் குஞ்சு பொரித்ததும் தாயோடு சேர்த்து வலைக்குள்ளேயே வையுங்கள். பஞ்சாரம் கவிழ்த்தால் மேலே கனமான கல் வேண்டும்.

3. நாயைப் பழக்குவது

இதில்தான் பொறுமை தேவை. முதல் ஒரு வாரம் கோழி கூட்டுக்குள்ளேயே இருக்கட்டும். நாய்க்குச் சாப்பாடு போட்ட பிறகு, கயிற்றில் பிடித்துக் கூட்டுக்குப் பத்தடி தள்ளி உட்கார வையுங்கள். அதன் உடம்பைப் பாருங்கள். காது முன்னால் விறைத்து, வாய் மூடி, வால் அசையாமல், கண் கோழியை விட்டு நகராமல் இருந்தால் அது வேட்டைக் குறி. குரைக்கும் நாயைவிட இப்படிச் சத்தமில்லாமல் நிற்கும் நாயிடம்தான் அதிகக் கவனம் வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பிப் பார்த்த அந்த நொடியே ஒரு துண்டு வேகவைத்த மீன், முள் எடுத்தது. திரும்பவே இல்லையென்றால் இன்னும் தள்ளிப் போய் உட்காருங்கள். அடிக்காதீர்கள். அடித்தால் நீங்கள் இருக்கும்போது மட்டும் அடங்கி இருக்கப் பழகும்.

தினமும் கொஞ்ச நேரம், கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே. கோழி படபடவென்று சிறகடித்து ஓடும்போதும் நாய் உங்களைப் பார்த்தால்தான் அடுத்த கட்டம், அதுவும் கயிற்றோடு. சிப்பிப்பாறை, கன்னி போன்றவை முயல் வேட்டைக்கென்றே வளர்த்த இனங்கள். ஓடுவதைத் துரத்துவது அவற்றின் ரத்தத்தில் உண்டு. அப்படிப்பட்ட நாயைக் கோழியோடு தனியாக விடவே வேண்டாம் என்பது என் கருத்து. எந்த நாயானாலும், நீங்கள் வீட்டில் இல்லாதபோது நடுவில் ஒரு வேலி இருக்கட்டும்.

பூனையை இப்படிப் பழக்குவது கஷ்டம். வயிறு நிறையச் சோறு போட்டாலும் வேட்டையை விடாது. குஞ்சுகளுக்கு வலைதான் காவல்.

4. தீனியும் சுத்தமும்

கம்பு, குருணையை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள், எலி வராது. எலி மருந்து மட்டும் வைக்காதீர்கள். செத்த எலியைத் தின்னும் பூனையும் நாயும் சேர்ந்து போகும். கடைத் தீவனம் சிலவற்றில் கலக்கும் ரத்தக்கழிச்சல் மருந்து நாய்க்கு விஷம், அதனால் தீவனத் தட்டு நாய்க்கு எட்டக் கூடாது. உப்புக் கருவாட்டுக் கழிவைக் கோழிக்கு அள்ளிப் போடாதீர்கள், அதிக உப்பு கோழியைக் கொல்லும்.

கோழி எச்சத்தை நாய் தின்ன விடாமல் தினமும் வாருங்கள். கூட்டில் கை வைத்தால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், குழந்தைகளும்தான். தெள்ளுப்பூச்சி கோழியின் கொண்டையிலும் நாயின் காதிலும் ஒன்றுபோல ஒட்டும், இரண்டையும் பாருங்கள். கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி, நாய்க்கும் பூனைக்கும் வருடாவருடம் வெறிநோய்த் தடுப்பூசி. இரண்டையும் தள்ளிப்போடாதீர்கள்.

5. கடித்துவிட்டால்

கோழியைத் தனியாக, நிழலான பெட்டியில் வைத்து, காயத்தைச் சுற்றி இறகை விலக்கிப் பாருங்கள். உப்புக் கலந்த காய்ச்சி ஆறிய நீரால் கழுவுங்கள். பூனைப்பல் பட்ட காயம் வெளியே புள்ளி மாதிரி இருக்கும், உள்ளே ஆழமாகச் சீழ் கட்டும். மஞ்சள் வைத்துவிட்டு இருந்துவிடாமல் அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். காயம் ஆறி, தோல் மூடும் வரை மற்ற கோழிகளோடு சேர்க்காதீர்கள். ரத்தத்தைப் பார்த்தால் அவையே கொத்தும்.