வளரும் இலையில் ஒவ்வொரு செல்லும் எந்த மரபணுவை இயக்குகிறது? செய்முறை

அரபிடாப்சிஸ் (ஆய்வகங்களில் வளர்க்கும் சிறு செடி) வளர்க்கவும், ஆர்.என்.ஏ. (இயங்கும் மரபணுவின் நகல்) கெடாமல் கையாளவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். நேரே இலைக்கு வருவோம்.

1. இலை. முழுதாக விரிந்தது வேண்டாம். இந்தச் செடியில் செல் பிரிதல் இலை நுனியில் முதலில் நிற்கும், அடியில் கடைசியாக. எனவே சில மில்லிமீட்டர் நீளமுள்ள குருத்திலையில் பிரியும் செல், விரியும் செல், முதிர்ந்த செல் எல்லாம் கிடைக்கும்.

2. செல்லைப் பிரித்தல். செல்லுலேஸ், மேசரோசைம் நொதிகளில் ஊறவைத்துப் புரோட்டோபிளாஸ்ட் (செல்சுவர் நீங்கிய செல்) எடுக்கலாம். நீர் உள்ளே புகாமல் காக்கும் மேனிட்டால் மறந்தால் செல் வெடித்துவிடும். அல்லது பனிக்கட்டி மேல் வைத்து பிளேடால் கொத்தி உட்கருவை மட்டும் எடுக்கலாம். என் ஓட்டு உட்கருவுக்கே. நொதியில் கிடக்கும் நேரத்தில் செல்கள் காயம்பட்டதுபோல் மரபணுக்களை மாற்றி இயக்கும். இலை நரம்புச் செல்களும் லேசில் கழன்று வராது. உட்கருவில் ஆர்.என்.ஏ. குறைவுதான், பரவாயில்லை.

3. 40 மைக்ரான் வடிகட்டி, மைக்ரோஸ்கோப்பில் ஒரு பார்வை, பிறகு உட்கருக்களைத் தனித்தனி நுண்துளிகளில் அடைக்கும் குரோமியம் கருவி. ஒவ்வொரு நுண்துளிக்கும் ஒரு பார்கோடு, எந்த ஆர்.என்.ஏ. எந்தத் துளியிலிருந்து வந்தது என்று காட்ட. பிறகு ஆர்.என்.ஏ. வரிசையைப் படிக்கவேண்டும்.

4. தரவை வடிகட்டுதல். படித்த வரிசைகளை மரபணுவாரியாக எண்ணும் மென்பொருள் செல் ரேஞ்சர். அதில் செடிக்கான ஆயத்த ரெஃபரன்ஸ் (ஒப்பிடும் மரபுத்தொகுதி) இல்லை. அரபிடாப்சிஸின் டெய்ர்10 மரபுத்தொகுதியை வைத்து நீங்களே கட்டவேண்டும். அடுத்து சூரா என்ற ஆய்வு மென்பொருளில் மைட்டோகாண்ட்ரியா மரபணுக்களின் சதவீதம் (அதிகமானால் மாதிரி சுத்தமில்லை). பயிற்சிப் பக்கங்களில் உள்ள, 'எம்டி-' என்று தொடங்கும் பெயர்களுக்கான தேடல் மனித மரபணுவுக்கானது. அதை அப்படியே ஓட்டினால் எல்லாச் செல்லுக்கும் 0 வரும். மாதிரி சுத்தம் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். அரபிடாப்சிஸில் மைட்டோகாண்ட்ரிய மரபணு 'ஏடிஎம்ஜி' என்றும், பசுங்கணிக மரபணு 'ஏடிசிஜி' என்றும் தொடங்கும். உட்கரு மாதிரியில் இரண்டாவது எகிறினால், உடைந்த பசுங்கணிகம் கலந்திருக்கிறது.

*பின்சேர்க்கை:* அப்படித் தேடியும் 0தான் என்று ஒருவர் கேட்டிருந்தார். செல் ரேஞ்சர் தரும் மரபணுப் பட்டியல் கோப்பின் 2-ஆம் நெடுவரிசையில் 'ஆர்பிசிஎல்' போன்ற மரபணுச் செல்லப்பெயர்கள் இருக்கும், சூரா இயல்பாக எடுப்பது அதைத்தான். உள்ளிடும்போதே 'ஏடிஎம்ஜி' போன்ற அடையாளங்கள் உள்ள 1-ஆம் நெடுவரிசைக்கு மாற்றுங்கள்.

5. கூட்டங்களுக்குப் பெயர். ஒரே மாதிரி மரபணுக்களை இயக்கும் செல்களை சூரா கூட்டங்களாகப் பிரிக்கும். எந்த அடையாள மரபணு இயங்குகிறது என்று பார்த்துப் பெயரிடுங்கள். ஏடிஎம்எல்1 என்றால் மேல்தோல். எஸ்யூசி2 என்றால் நரம்பின் துணைச்செல். இலைத்துளை உருவாகும்போது இயங்கும் மரபணுக்களின் வரிசைதான் அழகு: ஸ்பீச்லெஸ், அடுத்து மியூட், கடைசியில் ஃபாமா. மூன்றும் இந்த ஒழுங்கில் அடுத்தடுத்து எரிந்தால் உங்கள் தரவை நம்பலாம். சைக்ளின் பி1;1 என்ற மரபணு மின்னும் கூட்டம் பிரியும் செல்கள். செல் சுழற்சியின் (செல் பிரியும் கட்டங்களின்) தாக்கத்தைத் தரவிலிருந்து நீக்கச் சொல்வார்கள். வளரும் இலையில் நான் நீக்கமாட்டேன், பார்க்க வந்ததே அதைத்தானே! ஏடிஎம்எல்1, எஸ்யூசி2 இரண்டும் ஒரே கூட்டத்தில் பலமாகத் தெரிந்தால், புதுச் செல் வகை என்று குதிக்கும் முன் ஒரே துளியில் இரண்டு உட்கரு சிக்கியதா என்று பாருங்கள்.