மன்னித்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொன்னவன்

12 வருஷம் எங்கள் சபையின் பாடகர் குழுவை நடத்தினேன். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால், பலகையில் புதிய பட்டியல். அதில் என் பெயர் இல்லை. முன்கூட்டி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விசாரித்தவர்களிடமெல்லாம், "போகட்டும், நான் அவங்களை மன்னிச்சிட்டேன்" என்றேன். விசாரிக்காதவர்களிடமும் சொன்னேன். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு என் மனைவி கேட்டாள்: "நீங்க மன்னிச்சதைச் சொல்றீங்களா, அவங்க செஞ்சதைச் சொல்றீங்களா?"

ஒதுக்கப்பட்டவர்கள் செய்யும் முதல் தவறு அது. மன்னித்ததை அறிவிக்க வேண்டுமென்றால் குற்றத்தை விவரித்தாக வேண்டும். கதை முடிவதற்குள் கேட்கிறவர் நம் பக்கம் வந்துவிடுவார். பழிவாங்கினது போலவும் ஆயிற்று, நல்லவன் என்ற பெயரும் மிச்சம். மத்தேயு 18:15 சொல்வது வேறு: குற்றம் செய்தவனிடத்திலேயே போ, நீயும் அவனும் தனித்திருக்கையில் பேசு. நான் அந்த ஒரு வீட்டைத் தவிர மற்ற எல்லா வீட்டுக்கும் போயிருந்தேன்.

அடுத்தது, தன்னைத்தானே மட்டம் தட்டிக்கொள்வதைத் தாழ்மை என்று நினைப்பது. "நான் ஒண்ணுமில்லாதவன், எனக்கு இதுவே அதிகம்" என்று ஜெபத்தில் சொல்லிச் சொல்லி, நடந்த அநியாயத்தையே நியாயமாக்கிவிடுகிறோம். மறு கன்னத்தையும் காட்டச் சொன்னவரே இயேசு. ஆனால் பிரதான ஆசாரியன் முன்னிலையில் சேவகன் ஒருவன் அறைந்தபோது அவர் பேசாமல் நிற்கவில்லை. "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார் (யோவான் 18:23). திருப்பி அடிக்கவில்லை, அடித்தது சரி என்று ஒத்துக்கொள்ளவும் இல்லை.

கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச் சுவர் எழுப்பியவர்கள் நம்மிடையே உண்டு. அப்படி ஒதுக்கப்பட்டவர்களைப் பார்த்து, சுவரைத் தொடாமல், "மன்னித்துத் தாழ்மையாயிருங்கள்" என்று பிரசங்கிப்பது இந்தத் தவறின் மிக மோசமான உருவம். மன்னிப்பைப் பற்றி அடித்தவன் பாடம் எடுக்கக் கூடாது.

காலிலுள்ள தூசியை உதறும் வசனத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு வெளியேறுகிறவர்களும் இருக்கிறார்கள். ஏற்றுக்கொள்ளாத ஊரைவிட்டுப் புறப்படும்படி இயேசு சீஷர்களுக்குச் சொன்ன வார்த்தை அது. நாம் அதைச் சாபமாகப் பயன்படுத்துகிறோம். சமாரியர் கிராமம் ஒன்று இயேசுவை ஏற்றுக்கொள்ளாதபோது, வானத்திலிருந்து அக்கினி இறங்கி இவர்களை அழிக்கட்டுமா என்று கேட்டார்கள் சீஷர்களான யாக்கோபும் யோவானும். அவர்களை அதட்டிவிட்டு அவர் வேறொரு கிராமத்துக்குப் போனார், அவ்வளவுதான். அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்தில் அதே சமாரியா நாட்டுக்குப் பேதுருவோடு போய், அந்த மக்கள்மேல் கைகளை வைத்து ஜெபித்தவன் யார் தெரியுமா? அக்கினி கேட்ட யோவான்தான். அன்று அவன் கேட்டது கிடைத்திருந்தால்?

நம்மை அதிகம் குழப்புகிற தவறு இன்னொன்று: மன்னித்தால் எல்லாரிடமும் பழையபடியே பழகியாக வேண்டும் என்ற எண்ணம். இதற்கு நான் திரும்பத் திரும்ப வாசிப்பது, அப்போஸ்தலன் பவுல் தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு எழுதின கடிதமான 2 தீமோத்தேயுவின் 4-ஆம் அதிகாரம். ரோமாபுரியில் கட்டப்பட்டிருக்கிற பவுல், மரணம் நெருங்கியதை அறிந்து எழுதுகிற வரிகள். முதல் விசாரணையில் யாரும் கூட நிற்கவில்லை, எல்லாரும் கைவிட்டார்கள் என்கிறார். உடனே, அந்தக் குற்றம் அவர்கள்மேல் சுமராதிருப்பதாக என்கிறார். இரண்டு வசனம் முன்னால், செம்புவேலை செய்யும் கன்னானாகிய அலெக்சந்தர் வருகிறான். வெகு தீமை செய்தவன். அவனைக் கர்த்தரிடம் விட்டுவிட்டு, தீமோத்தேயுவிடம், நீயும் அவனைக்குறித்து எச்சரிக்கையாயிரு என்கிறார். பயந்து விலகினவர்களுக்கு ஒரு வார்த்தை, எதிர்த்து நின்றவனுக்கு வேறொரு வார்த்தை. கணக்குத் தீர்ப்பதைக் கர்த்தரிடம் விட்டவர், வாசல் கதவைத் திறந்து போடச் சொல்லவில்லை.

அதே அதிகாரத்தில் மாற்குவும் இருக்கிறான். பம்பிலியாவில் ஊழியத்தைப் பாதியில் விட்டுத் திரும்பினவன். அவனை மறுபடியும் அழைத்துப் போக முடியாது என்று பவுல் பிடிவாதமாய் நின்றதில், கூட ஊழியம் செய்த பர்னபாவோடு கடும் சண்டையாகி இருவரும் பிரிந்தார்கள்; பர்னபா மாற்குவோடு சீப்புருவுக்குக் கப்பல் ஏறினார். அங்கே ஒதுக்கினவர் பவுல்தான். இப்போது, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று எழுதுகிறார். இடையில் எத்தனையோ வருஷங்கள். முதல் வாரமே முடிந்த காரியமல்ல. "இன்னுமா மனசில் வச்சிருக்கீங்க?" என்று அவசரப்படுத்துகிற உறவினர்கள் இதைக் கவனிக்கலாம்.

பிறகு ஒரு நாள், அந்தப் பட்டியலைப் போட்டவர் வீட்டுக்கு நான் போனேன். காபி கொடுத்தார்கள். பட்டியலைப் பற்றி நான் கேட்டேன். அவர் வருத்தம் தெரிவிக்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது கோபம் பாதி இருந்தது. ஊரில் கதை சொல்வது மட்டும் அன்றோடு நின்றது.

கடைசியாக ஒன்று. ஒதுக்கப்பட்டவன் எளிதில் எடுக்கிற முடிவு, "இனி எனக்கு யாரும் தேவையில்லை" என்பது. பார்க்க வைராக்கியம் போலிருக்கும். உள்ளே இருப்பது பெருமை. எல்லாரும் கைவிட்ட பிறகும் பவுல் கடிதத்தில் கேட்கிறவற்றைப் பாருங்கள்: துரோவா பட்டணத்தில் கார்ப்பு என்பவன் வசம் வைத்துவந்த மேலங்கி, புஸ்தகங்கள், தோற்சுருள்கள். கூடவே, மாரிகாலத்துக்கு முன்னே வந்து சேரப் பார் என்று ஒரு வேண்டுகோள்.