அறுபதுக்குப் பிறகு தனியாகக் காசிக்கு

காசிக்குப் போக வேண்டும் என்று முப்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கும் பெண்கள் நம் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பிள்ளைக்கு விடுமுறை கிடைக்கட்டும், மருமகளுக்குப் பிரசவம் ஆகட்டும், தெரிந்தவர்கள் கும்பலாகக் கிளம்பட்டும் என்று காத்திருப்பதற்குள் முழங்கால் தேய்ந்துவிடுகிறது. நான் 63 வயதில் துணையின்றிச் சென்னையிலிருந்து ரயிலில் போய் வந்தேன். பிறகு இன்னொரு முறையும் போனேன். திருடனுக்கும் ஏமாற்றுக்காரனுக்கும் பயந்துதான் வீட்டார் தடுக்கிறார்கள். என் அனுபவத்தில் நம்மை உண்மையிலேயே படுத்துபவை படிக்கட்டும் கழிப்பறையும் கனத்த பெட்டியும்தான். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: வீட்டில் விஷயத்தைச் சொல்வதற்கு முன் டிக்கெட்டை எடுத்துவிடுங்கள்.

மாதத்தைத் தேர்வு செய்வதில் அவசரம் வேண்டாம். டிசம்பரிலும் ஜனவரியிலும் வடக்கே பனிமூட்டத்தால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். ஏப்ரல் முதல் ஜூன் வரை வெயில் தாங்காது. மழைக்காலத்தில் கங்கை பெருகிப் படித்துறைகளை மூடிவிடும், படகும் ஓடாது. நவம்பரும் பிப்ரவரியும் நம் உடம்புக்கு ஏற்றவை. மகா சிவராத்திரியை ஒட்டி மட்டும் போகாதீர்கள், அந்தக் கூட்டத்தில் தனியாக நிற்பது புண்ணியமே ஆனாலும் முழங்காலுக்கு ஆகாது. ரயிலைத் தேர்ந்தெடுக்கும்போது அது எப்போது போய்ச் சேர்கிறது என்பதை முதலில் பாருங்கள். விடிந்த பிறகு, மாலை நான்கு மணிக்குள் இறங்குமாறு அமைந்தால், இரண்டு மூன்று மணி நேரம் தாமதமானாலும் பெரும்பாலும் நடமாட்டம் உள்ள வேளையிலேயே போய்ச் சேர்வீர்கள். நிலையத்தின் பெயரையும் கவனியுங்கள். வாராணசி ஜங்ஷன் வேறு. 2021 வரை மண்டுவாடி என்று அழைக்கப்பட்ட பனாரஸ் நிலையம் வேறு. 'காசி' என்ற பெயரிலேயே கங்கைப் பாலத்தருகே ஒரு சிறிய நிலையமும் உண்டு. நாம் முகல்சராய் என்று அறிந்திருந்த தீன் தயாள் உபாத்யாய் ஜங்ஷனோ ஆற்றுக்கு அக்கரையில், ஊரிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது.

முன்பதிவு, பயண நாளுக்கு 60 நாட்கள் முன்னதாகக் காலை எட்டு மணிக்குத் திறக்கும். பதிவு செய்யும்போது 'ஜெனரல்' என்பதை விட்டுவிட்டு, லோயர் பெர்த், சீனியர் சிட்டிசன் என்று இருக்கும் ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுங்கள். 45 வயது நிறைந்த பெண்களுக்கு அது கிடைக்கும். 58 வயதைக் கடந்த பெண்களுக்கு இருந்த பாதிக் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதால், முழுக் கட்டணத்தையே கணக்கில் வையுங்கள்.

கிடைத்த கீழ்ப் படுக்கையை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். முதல் பயணத்தில், கைக்குழந்தையோடு வந்த ஒரு குடும்பம் கேட்டதற்கு இரக்கப்பட்டு நடுப் படுக்கைக்கு மாறினேன். நள்ளிரவில் கழிப்பறைக்குப் போவதற்காக இறங்கியபோது இருட்டில் கால் வைக்கும் கம்பி தட்டுப்படாமல் சறுக்கி, கணுக்கால் சுளுக்கி, காசியில் முதல் இரண்டு நாட்களை அறையிலேயே கழித்தேன். இப்போதெல்லாம் கேட்டால், "முட்டியில் வலி, டாக்டர் ஏறக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்" என்கிறேன், மறுபேச்சு வருவதில்லை. கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது நம்மவர்களின் பழைய வழக்கம். இரண்டு இரவுப் பயணத்தில் அது தலைசுற்றலிலும் நீர்க்கடுப்பிலும் கொண்டுபோய் விடும். நன்றாகக் குடியுங்கள், ரயில் ஓடும்போது போக நேர்ந்தால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ரப்பர் அடி கொண்ட செருப்புடன் போங்கள். தனியாக வரும் பெண்களைப் புறப்படும் நிலையத்திலேயே பார்த்து இருக்கை எண்ணைக் குறித்துக்கொள்ள, ரயில்வே பாதுகாப்புப் படையில் 'மேரி சஹேலி' என்ற குழு உண்டு. அவர்கள் கண்ணில் படாவிட்டால், எந்தத் தொல்லைக்கும் 139 என்ற எண்ணை அழைக்கலாம்.

பெட்டியை நீங்களே தூக்கி ரயிலின் மூன்று படிகளை ஏற முடிகிறதா என்று வீட்டு மாடிப்படியில் சோதித்துப் பாருங்கள். முடியாவிட்டால் இரண்டு புடவைகளை எடுத்து வெளியே வையுங்கள். மருந்து பெட்டிக்குள் போகக்கூடாது. ஐந்து நாள் பயணத்துக்கு எட்டு நாள் மாத்திரையும் மருத்துவச் சீட்டின் நகலும், படுத்தாலும் உடம்போடு இருக்கும் பையில் இருக்கட்டும். சேமிப்பு முழுவதும் இருக்கும் வங்கிக் கணக்கைக் கைபேசிப் பணப்பரிமாற்றச் செயலியோடு இணைக்காமல், சிறு தொகை போட்ட தனிக் கணக்கை இணையுங்கள். சில்லறை நோட்டுகளுக்குப் பாட்டி காலத்துச் சுருக்குப்பையை மிஞ்சியது எதுவும் இல்லை.

தங்குமிடத்தைத் தொலைபேசியில் விசாரிக்கும்போது வாடகையை எல்லோரும் கேட்கிறோம். வண்டி நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று கேட்பதில்லை. படித்துறைகளை ஒட்டிய சந்துகளில் ஆட்டோ நுழையாது, மாடு நுழையும். பெட்டியோடு அரை கிலோமீட்டர் நடந்த பிறகு, மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடி அறை கிடைத்தால் அழுகை வந்துவிடும். தரைத்தள அறையா, மேற்கத்திய கழிப்பறையா, ஆளை அனுப்பிப் பெட்டியை வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் 200 ஆண்டுகளுக்கு மேலாக அங்கே இருக்கிறது. கேதார் காட், அனுமான் காட் பகுதிகளில் தமிழ் பேசுபவர்கள் கிடைப்பார்கள். இந்தி தெரியாதவர்கள் அந்தப் பக்கத்திலேயே அறை தேடுவது நல்லது.

விசுவநாதர் கோயிலுக்குள் கைபேசியை அனுமதிப்பதில்லை. இதை நான் முதல் முறை அங்கே போய்த்தான் அறிந்தேன். தரிசனம் முடிந்து வேறொரு வாசல் வழியாக வெளியே வந்துவிட்டேன். கைபேசியை வைத்துவிட்டு வந்த பெட்டகம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, விடுதியின் பெயரும் வாயில் வரவில்லை, மகனின் எண்ணோ கைபேசிக்குள் இருந்தது. எனவே விடுதியின் பெயர், முகவரி, இரண்டு தொலைபேசி எண்கள் ஆகியவற்றை விடுதிக்காரரிடம் கொடுத்து ஒரு தாளில் இந்தியில் எழுதி வாங்கி, சுருக்குப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ரிக்‌ஷாக்காரரிடமும் அதை நீட்டினால் போதும்.

படித்துறைப் படிகள் உயரமானவை, ஒரே அளவில் இருக்காது. நதியை நோக்கி இறங்கும்போது பக்கவாட்டாக, ஒரு படிக்கு இரண்டு கால்களையும் வைத்து இறங்குங்கள். வெள்ளம் வடிந்த மாதங்களில் கீழ்ப்படிகளில் வண்டல் வழுக்கும். கடைசிப் படியில் உட்கார்ந்து சொம்பில் மொண்டு ஊற்றிக்கொண்டாலும் அது கங்கா ஸ்நானம்தான். படகுக்காரரிடம் எவ்வளவு, எங்கிருந்து எங்குவரை, தனியாகவா பிறரோடா என்று ஏறுவதற்கு முன்பே பேசி முடியுங்கள். நாலைந்து குடும்பங்கள் இருக்கும் படகில் ஏறுவதே எனக்குப் பிடிக்கும்.

திரும்பும்போது எல்லோரும் கங்கைச் சொம்பு கேட்பார்கள். ஈயம் வைத்து மூடிய செம்புச் சொம்பும் ரயிலின் ஆட்டத்தில் கசிவதுண்டு; ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் கட்டி, நிமிர்த்தியவாறே உங்கள் கீழ்ப் படுக்கைக்கு அடியில் வையுங்கள், நான்குக்கு மேல் வாங்காதீர்கள்.