குழந்தைகள் கிட்டாரா? முதலில் கம்பியை மாற்றுங்கள்

குழந்தைகளுக்கென்று வரும் சின்ன எலக்ட்ரிக் கிட்டாரைப் பெரியவர்கள் வாசிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சோபாவில் சாய்ந்துகொண்டு வாசிக்க அதைவிட வசதி கிடையாது. ஸ்குவையர் மினி ஸ்ட்ராட் என்ற சின்ன கிட்டாரை எடுத்துக்கொள்வோம். அதன் ஸ்கேல் நீளம், அதாவது கம்பியின் அதிரும் நீளம், 22.75 அங்குலம், முழு அளவு ஸ்ட்ராட்டுக்கு 25.5. பெரிய கிட்டாரில் 2ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டி) கேப்போ என்ற, கம்பிகளை அழுத்தும் கிளிப்பை மாட்டினால் மிஞ்சும் நீளம்தான் இது.

நீளம் குறைவதால், அதே சுருதியில் கம்பியின் இழுவிசை சுமார் 20 சதவீதம் குறைகிறது. 9 கேஜ் கம்பி (கேஜ் என்பது தடிமன்) தொளதொளவென்று இருக்கும். கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே சுருதி ஏறிவிடும். 11 கேஜ் போடுங்கள், பெரிய கிட்டாரில் 10 போட்டதுபோலக் கைக்கு அடங்கும். தடித்த கம்பி நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் துண்டு) பள்ளத்தில் சிக்கினால் பக்கவாட்டில் லேசாக அராவுங்கள். ஆழம் கூடிப்போனால் நட்டையே மாற்ற வேண்டியதுதான், நிதானம்! அப்புறம் 12ஆம் ஃப்ரெட்டில் அழுத்திய சுரம் ஏறி ஒலித்தால் சேடிலை (உடல் பக்கம் கம்பியைத் தாங்கும் துண்டு) பின்னுக்கு நகர்த்துங்கள்.

கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பிக்கப்பை மாற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். சரி, மாற்றலாம். ஆனால் சுருதி நிற்காத கிட்டாரில் நல்ல பிக்கப் போட்டால் அபசுரம்தான் இன்னும் தெளிவாகக் கேட்கும். கம்பியை முறுக்கும் ட்யூனர்கள் தளர்ந்திருந்தால் காசை முதலில் அங்கே போடுங்கள்.